கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருந்த பள்ளி

ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும் இதைத்தான் பேசிக்கொள்கிறோம். கட்டடத்தைப் பார்க்கிறோம். பள்ளி வாகனம் வருமா என்று விசாரிக்கிறோம். போன ஆண்டு எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று கேட்கிறோம். ஆலயத்தை ஒட்டி நிற்கும் சிறிய தொடக்கப்பள்ளியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறோம். ‘அங்கே என்ன பெரிதாகச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம்.

நல்ல பள்ளி என்பதை எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கேள்வியோடு நாம் இன்று இத்தாலி நாட்டின் ஒரு மலைச்சரிவுக்குப் போவோம். அங்கே ஒரு பங்குத்தந்தை தம் வீட்டிலேயே ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளிக்குப் பெயர்ப்பலகை இல்லை. அரசு அங்கீகாரம் இல்லை. படித்தவர்கள் ஒரு சில பத்துப் பேர். ஆயினும் இன்றுவரை உலகெங்கும் ஆசிரியர்கள் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பள்ளியின் பெயர் பார்பியானா. அந்தப் பங்குத்தந்தையின் பெயர் லொரென்சோ மிலானி.

மிலானி 1923ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம், வீடு நிறையப் புத்தகங்கள். தாய் யூத வழி வந்தவர். வீட்டில் செபமோ ஆலயமோ பெரிதாக இல்லை. இளைஞரானபோது ஓவியம் கற்கப் போனார். 1943இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் உள்ளம் கிறிஸ்துவிடம் திரும்பியது. அதே ஆண்டு குருமடத்தில் சேர்ந்தார். 1947 ஜூலை 13ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

முதலில் அவர் அனுப்பப்பட்ட இடம், புளோரன்சுக்கு அருகே கலென்சானோவில் உள்ள சான் தொனாத்தோ பங்கு. நெசவு ஆலைத் தொழிலாளர்களும் உழவர்களும் வாழ்ந்த ஊர் அது. உதவிப் பங்குத்தந்தையாக அங்கே பணி தொடங்கிய மிலானி, ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். மக்கள் திருப்பலிக்கு வந்தார்கள். பிள்ளைகளைப் புதுநன்மைக்கு அனுப்பினார்கள். திருவிழாவையும் சிறப்பாகக் கொண்டாடினார்கள். ஆனால் மறையுரை அவர்களுக்குப் புரியவில்லை. நற்செய்தி புரியவில்லை. காரணம், அவர்களிடம் போதிய சொற்கள் இல்லை. செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல அவர்களால் முடியவில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டார்கள்.

செல்வரையும் ஏழையையும் பிரிக்கும் முதல் சுவர் பணமல்ல, சொல்தான் என்று மிலானி உணர்ந்தார். ஆகவே, மறைக்கல்வி வேர்விட வேண்டுமானால் முதலில் மொழிக்கல்வி வேண்டும் என்று முடிவு செய்து, தொழிலாளர் இளைஞருக்காக ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார். கோவிலுக்கு வருபவரும் வந்தனர், வராதவரும் வந்தனர். எந்தக் கட்சிக்காரர் என்றும் அவர் கேட்கவில்லை. ‘வாக்கு மனுவுருவானார்’ என்று அறிக்கையிடும் நாம், மனிதரின் வாக்கு பறிபோயிருப்பதைக் கண்டு சும்மா இருக்க முடியுமா? அவரால் முடியவில்லை.

ஏழு ஆண்டுகள் இப்படிச் சென்றன. அவருடைய வெளிப்படையான பேச்சு பலருக்குப் பிடிக்கவில்லை. 1954இல் வயது முதிர்ந்த பங்குத்தந்தை இறந்தபோது, அந்த இடம் மிலானிக்குக் கிடைக்கவில்லை. அவர் முஜெல்லோ மலைப்பகுதியில் இருந்த பார்பியானாவுக்கு மாற்றப்பட்டார். மூடிவிடலாம் என்று பேசப்பட்ட பங்கு அது. காட்டுக்குள் சிதறிக் கிடந்த உழவர் வீடுகளில் சுமார் நூறு பேர் இருந்தனர். ஒழுங்கான சாலை இல்லை. மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. ஓர் ஆலயம், அதை ஒட்டி ஒரு பங்குத்தந்தை இல்லம், சற்றுத் தள்ளி ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான்.

1954 டிசம்பரில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் அவர் செய்த காரியங்களில் ஒன்று நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 31. ‘எப்போது மாற்றல் வரும்’ என்று நாள் எண்ணிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. இந்த மக்களோடுதான் வாழ்வு, இவர்களோடுதான் சாவு என்று முடிவு செய்துவிட்டார்.

இனிப் பிள்ளைகளைப் பார்ப்போம். அந்த மலையில் ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே அறை. ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒருசேர நடத்த வேண்டிய நிலை. அதை முடிக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டம், குறைந்தது எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என்று சொன்னது. சட்டம் மலை ஏறி வரவில்லை. கீழே உள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சிலரும், ஆசிரியர் கேள்வி கேட்டால் தலைகுனிந்து நின்றார்கள். ‘மலைப்பிள்ளைகள் மந்தம்’ என்று பெயர் வாங்கினார்கள். தேர்வில் தோற்றார்கள். ஆடு மேய்க்கவும் வயலுக்கும் திரும்பினார்கள்.

மிலானி பங்குத்தந்தை இல்லத்தின் கதவைத் திறந்து வைத்தார். தொடக்கப்பள்ளி முடித்த ஒரு சில சிறுவர்களோடு பகல்நேரப் பள்ளி தொடங்கியது. காலையில் தொடங்கி இரவு உணவு நேரம்வரை பள்ளி நடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, திருப்பலி முடிந்ததும் பாடம். கோடை விடுமுறை என்ற பேச்சே இல்லை. இது கடுமையான ஒழுங்கு என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. மிலானி கண்டிப்பான மனிதர், கோபக்காரரும்கூட. ஆனால் அந்தச் சிறுவர்கள் விடுமுறை கேட்டு அழவில்லை. பள்ளி இல்லாத நாளில் அவர்களுக்குக் காத்திருந்தது விளையாட்டு அல்ல, மாட்டுத் தொழுவம்.

மேசை நாற்காலிகளைப் பிள்ளைகளே செய்தார்கள். மரவேலைக்கும் இரும்புவேலைக்கும் ஒரு பட்டறை இருந்தது. சுவர்களில் அவர்களே வரைந்த நிலப்படங்கள் தொங்கின. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஒரு படிதான் இருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் காலத்தில் வெளியே கொடிப்பந்தலின் நிழலில் வகுப்பு. இசைத்தட்டு வைத்துப் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஜெர்மனும் கற்றார்கள். நாள்தோறும் செய்தித்தாள் உரக்க வாசிக்கப்பட்டது. ஒரு சொல் புரியவில்லை என்றால் வாசிப்பு நின்றுவிடும். அந்தச் சொல்லின் வேர் எது, யார் அதை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று பார்த்த பிறகே அடுத்த வரி. எழுத்தாளரோ அதிகாரியோ மலை ஏறி வந்தால், பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். வந்தவர் பெரியவர் என்பதற்காகக் கேள்வி குறையாது.

ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயதினர். என்ன செய்வது? பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். நேற்று கற்றவன் இன்று ஆசிரியன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஆசிரியராக நின்றபோது, கேட்பவர்களுக்கு அது விந்தையாகவே படவில்லை. தெரிந்ததைத் தனக்கென்று பூட்டி வைப்பது அங்கே வெட்கத்துக்குரியது.

பார்பியானாவின் மிக முக்கியமான ஒழுங்கு இனிமேல்தான் வருகிறது. அந்தப் பள்ளியில் முதலிடம் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு. பாடம் புரியாதவன் ஒருவன் இருந்தால், அவனுக்குப் புரியும்வரை மற்றவர்கள் முன்னே போகமாட்டார்கள். நம் பள்ளிகளில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குத் தரும் கவனத்தை, அங்கே கடைசிப் பிள்ளைக்குத் தந்தார்கள்.

இதை அவர்கள் சொல்லில் மட்டும் வைத்திருக்கவில்லை. ஒரு சிறுவன் காட்டு வழியே நடந்து ஓர் ஓடையைக் கடந்து வரவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அது ஆபத்து. அந்த ஒரே சிறுவனுக்காக ஒரு சிறு பாலம் வேண்டும் என்று மிலானி போராடிப் பெற்றார். மலைப்பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் அஞ்சினார்கள். அந்த அச்சம் நீங்க, பிள்ளைகளும் அவருமாகச் சேர்ந்து ஒரு சிறிய நீச்சல் குளத்தைக் கட்டினார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அதைப் பாடவேளை அட்டவணையாக மாற்றினால் எப்படி இருக்கும் என்பதைப் பார்பியானாவில் பார்க்கிறோம்.

பள்ளியின் சுவரில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன: ‘ஐ கேர்’. ‘எனக்கு அக்கறை உண்டு’ என்பது பொருள். முசோலினியின் பாசிசக் காலத்தில் இத்தாலிய இளைஞருக்குக் கற்பிக்கப்பட்ட முழக்கம் ‘எனக்கென்ன’ என்பது. அதற்கு நேர் எதிரான சொல்லாக இதைத் தேர்ந்ததாக மிலானியே விளக்கினார். ‘எனக்கென்ன’ என்பது நம் ஊரிலும் தெரியாத முழக்கம் அல்லவே!

1963இல் மாரியோ லோதி என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் பார்பியானாவுக்கு வந்தார். வட இத்தாலியின் பியாதெனா பகுதியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர். அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பார்பியானா மாணவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். எல்லாரும் சேர்ந்து எழுதிய கடிதம் அது. ஒவ்வொருவரும் தம் எண்ணத்தைத் தாளில் குறித்தார்கள், குறிப்புகளை அடுக்கினார்கள், தேவையற்ற சொல்லை வெட்டினார்கள், எளிய சொல்லைத் தேடினார்கள். மெதுவாகச் சிந்திக்கும் பிள்ளையின் ஒரு நல்ல வரியும் அதில் இடம் பெற்றது.

இந்த முறையில்தான் அவர்களுடைய புகழ்பெற்ற நூலும் பிறந்தது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பார்பியானா மாணவர்கள் தேர்வில் தோற்றுத் திரும்பினார்கள். அந்த வலியிலிருந்து, எட்டு மாணவர்கள் சேர்ந்து ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை எழுதினார்கள். 1967 மே மாதம் அது வெளிவந்தது. பின்னர் பல மொழிகளுக்குப் போனது, தமிழிலும் வந்திருக்கிறது.

அந்த நூலில் ஜான்னி என்ற ஒரு பையன் வருகிறான். ‘உடைமை’யைக் குறிக்கும் ஒரு சிறு வினைச்சொல்லை அவனால் பிழையின்றி எழுத முடியவில்லை. ஓர் எழுத்தை எப்போதும் விட்டுவிடுவான். ஆனால் வேலையைப் பற்றி, குடும்பங்களைப் பற்றி, ஊர் நடப்பைப் பற்றி அவனுக்கு நிறையத் தெரியும். பள்ளி அவன் விட்ட ஓர் எழுத்தை மட்டும் பார்த்தது. அவன் அறிந்திருந்ததைப் பார்க்கவில்லை. இப்படிப் பள்ளியை விட்டு வெளியேற்றப்படுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அந்த மாணவர்கள் அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து எண்ணிக் காட்டினார்கள். உழவர், தொழிலாளர் பிள்ளைகளே பெரும்பாலும் விழுந்தார்கள். அதுவும் பலர் தொடக்கப்பள்ளியிலேயே, ஆறு ஏழு வயதிலேயே. நோயாளிகளை அனுப்பிவிட்டு நலமானவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையை நாம் மருத்துவமனை என்போமா? பள்ளியைப் பார்த்து அவர்கள் கேட்டதும் இத்தகைய கேள்விதான்.

அவர்கள் மூன்று வழிகளையும் முன்வைத்தார்கள். பிள்ளைகளைத் தோல்வி என்று ஒதுக்கக்கூடாது. மந்தமாகத் தோன்றும் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி வேண்டும். சோம்பிக் கிடக்கும் பிள்ளைக்கு, எதற்காகப் படிக்கிறோம் என்ற நோக்கத்தைக் காட்ட வேண்டும்.

பார்பியானாவில் குறைகள் இல்லையா? இருந்தன. அங்கே சிறுமிகள் மிகக் குறைவு. தொலைவான வழி ஒரு காரணம். பெண்ணுக்கு எதற்கு இத்தனை படிப்பு என்ற பெற்றோரின் எண்ணம் மற்றொரு காரணம். இதை அந்த மாணவர்களே தம் நூலில் ஒப்புக்கொண்டார்கள். தன் குறையைத் தானே எழுதிக் காட்டுவதும் நல்ல பள்ளியின் அடையாளந்தான்.

திருஅவைக்குள்ளும் மிலானிக்குப் பாதை எளிதாக இல்லை. சான் தொனாத்தோ அனுபவங்களை எழுதிய ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ என்ற அவரது நூல், திருஅவையின் அச்சிடும் அனுமதியோடுதான் 1958இல் வெளிவந்தது. அதே ஆண்டு இறுதியில், அதை விற்பனையிலிருந்து எடுக்கும்படி உரோமையிலிருந்து உத்தரவு வந்தது. அவர் வருந்தினார், ஆனால் கீழ்ப்படிந்தார், திருஅவையை விட்டு விலகவில்லை. தம் பாவங்களுக்கு மன்னிப்புப் பெற வேறு எங்கே போவேன் என்பதுதான் அவருடைய எண்ணமாக இருந்தது. 2014இல் அந்தத் தடைக்கு இனிப் பொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே நோய் அவரைப் பற்றியது. நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் புற்றுநோய். உடல் தளர்ந்த பிறகும் பள்ளி நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் நூல் வெளிவந்த அடுத்த மாதம், 1967 ஜூன் 26ஆம் நாள், தம் 44ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். பன்னிரண்டரை ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைத்த அதே இடத்தில், பார்பியானாவில் அடக்கம் செய்யப்பட்டார். தம் மாணவர்களுக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், கடவுளைவிட அதிகமாக உங்களை அன்பு செய்துவிட்டேன் போலும், ஆனால் அவர் இதையெல்லாம் நுணுக்கிப் பார்க்காமல் தம் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் எழுதியிருந்தார். மிகச் சிறியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகச் சொன்ன ஆண்டவர், இந்தக் கணக்கை வேறு எப்படி எழுதியிருப்பார்?

அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுபெற்ற வேளையில், 2017 ஜூன் 20ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அந்தக் கல்லறையின் முன் நின்று செபித்தார். ஒரு காலத்தில் யாரும் போக விரும்பாத மலைக்கு, பேதுருவின் வழிவந்தவர் திருப்பயணியாகப் போனார். ஏழைகளுக்கு அவர்களுடைய சொல்லைத் திருப்பித் தந்த குரு என்று மிலானியை நினைவுகூர்ந்தார்.

அன்புள்ளங்களே, இந்த வரலாறு நம்மிடம் என்ன கேட்கிறது?

பள்ளியின் தரத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியை இது மாற்றச் சொல்கிறது. ‘இந்தப் பள்ளியில் முதல் மாணவன் எத்தனை மதிப்பெண் வாங்கினான்?’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். ‘இந்தப் பள்ளியில் கடைசிப் பிள்ளை என்ன ஆனான்?’ என்று கேட்டுப் பார்ப்போம். முதல் மாணவன் எந்தப் பள்ளியில் இருந்தாலும் எப்படியோ கற்றுக்கொள்வான். வீட்டில் அவனுக்குப் புத்தகம் இருக்கும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும். பள்ளி உண்மையிலேயே என்ன செய்தது என்பது, வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளையிடம்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தால், சிறிய பங்குப்பள்ளி ஒன்றுக்குப் பெரிய பள்ளிக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. வகுப்பில் இருபது பேர் என்றால், இருபது பேரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மாலையில் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். அதைச் செய்யாவிட்டால், சிறிய பள்ளி வெறும் சிறிய கட்டடந்தான். கோவில் பள்ளி என்ற பெயர் மட்டும் தரத்தைத் தந்துவிடாது. படிக்கத் தெரியாமலேயே ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளை ஒருவன் நம் பள்ளியில் இருந்தால், அது ஆசிரியரின் பிழை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பங்கு முழுவதும் அதற்குப் பொறுப்பு.

மிலானியிடம் பணம் இல்லை, கட்டடம் இல்லை, அங்கீகாரம் இல்லை. நம்மிடம் என்ன இல்லை? நம் பங்கில் கல்லூரிக்குப் போகும் இளையோர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் மறைக்கல்வி அறையும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை ஒரு பெரிய பிள்ளை ஒரு சின்னப் பிள்ளையின் அருகே உட்கார்ந்து வாசிக்கக் கேட்டாலே போதும், ஒரு தொடக்கம் கிடைத்துவிடும். ‘என் பிள்ளை நன்றாகப் படிக்கிறான், எனக்கென்ன’ என்று நாம் சொல்லும்போது, பார்பியானாவின் சுவரில் இருந்த அந்த இரண்டு சொற்களை நினைத்துக்கொள்வோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும்போது, ஆலயத்துக்கு அருகே உள்ள அந்தச் சிறிய பள்ளியின் முன் ஒரு நிமிடம் நிற்போம். அங்கே படிக்கும் கடைசிப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா என்று நம்மையே கேட்போம். தெரியாவிட்டால், திங்கட்கிழமை போய்க் கேட்டு வருவோம்.

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர், அவர்கள் வரும் வழியில் தடையாக நில்லாமலும், தேவைப்படும் இடத்தில் ஒரு சிறு பாலமாகவும் இருக்க நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.